குலுங்காமப் போற குதிரை

குதிரை ஊடு இதேதானுங்க அம்மணி. உள்ள வாங்க. அந்தச் சேரை வேப்பமரத்து நெழலுக்கு இழுத்துப் போட்டுக்கங்க. ஊட்டுக்குள்ள மொளகாப்பழம் காயப் போட்டிருக்கறேன், உங்களுக்குக் காரல் தாங்காது. எங்க ஊட்டுக்காரரு சோளத்தட்டு அறுக்கக் காட்டுக்குப் போயிருக்கறாரு. அவரு வந்தாலும் நாந்தான் பேசப் போறேன், அதனால கேக்கறதை எங்கிட்டயே கேளுங்க.

ரேவால் குதிரை வாங்கோணும்னு ஆசை, வாங்கறதுக்கு முன்னாடி வெச்சிருக்கறவங்ககிட்ட நாலு வார்த்தை கேட்டுக்கலாம்னு கோயமுத்தூர்லிருந்து வந்திருக்கறீங்க. நல்ல ரோசனை. எங்க ஊட்டுக்காரரு யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை. காலையில சந்தைக்குப் போறேன்னு போனவரு, சாங்காலம் மினி லாரியில குதிரையோட வந்து எறங்குனாரு. நான் ஆட்டுக்கல்லுல மாவு வழிச்சுட்டு இருந்தேன். கையைக் கூடக் கழுவலை, அப்படியே நின்னேன்.

எல்லாரும் மொதல்ல கேக்கறது என்ன திங்கும்னு. தட்டு திங்கும், பசும்புல்லு திங்கும், ஊறப்போட்ட கொள்ளு, தவிடு, கொஞ்சம் உப்பு. தண்ணி நெறையக் குடிக்கும். நேரம் தப்பக் கூடாது, தப்புனா வயித்து நோவு வந்துரும். மாட்டுக்கு வயித்து நோவுன்னா மருந்து ஊத்திட்டுத் தூங்கலாம். குதிரைக்கு வந்தா அது உசுரோட வெளையாட்டு.

அடுத்தது, கடிக்குமான்னு கேப்பாங்க. என்னையக் கடிக்காது. எங்க ஊட்டுக்காரரை ஒருக்காக் கடிச்சுது. அது அவரு தப்பு. அது திங்கறப்பப் போயிக் கழுத்தைக் கட்டிக்கிட்டாரு. நான் திங்கறப்ப வந்து கட்டிக்கிட்டா நானும் கடிப்பேன்.

பேரா? வித்தவன் சொன்ன பேரு பிஜிலிங்க. ராஜஸ்தான்காரன். அந்தப் பேரு என்ற வாயில நிக்கலை. பிச்சின்னு கூப்பிட்டேன், திரும்பிப் பாத்துச்சு. அதுவும் ஒரு பூவுதானேன்னு விட்டுட்டேன். அந்தா எட்டிப் பாக்குது பாருங்க. ரெண்டு காதும் நுனியில வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அந்த ராஜஸ்தான் சாதிக்கு அதுதான் அடையாளம்.

ரேவால்னா என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் நான் சொல்ற மாதிரி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. மத்த குதிரை ஓடறப்ப ரெண்டு ரெண்டு காலாச் சேத்து வெக்கும். மேல உக்காந்திருக்கறவங்களைத் தூக்கித் தூக்கிப் போடும், டவுன் பஸ்ஸுல கடைசி சீட்டு மாதிரி. ரேவால் குதிரை ஒவ்வொரு காலாத் தனித்தனியா வெக்கும். வேகமாத்தான் போகும், ஆனா முதுகு ஆடாது. கண்ணை மூடிக்கிட்டா நிக்கறமா போறமான்னு தெரியாது. மூஞ்சியில காத்து அடிக்கறதை வெச்சுத்தான் போறம்னு தெரிஞ்சுக்கோணும்.

அதைச் சொல்லிக் குடுக்கோணுமான்னு கேக்கறீங்க. சொல்லிக் குடுத்தெல்லாம் வராதுங்க. பொறப்புலயே வரோணும். ஆனா கெடுக்கறதுக்கு ஒரு மடையன் போதும். கடிவாளத்தை இறுக்கிப் புடிச்சா, பயந்து போயி வெறைச்சு உக்காந்தா, அது நடையை மறந்துட்டுக் குலுக்க ஆரம்பிச்சுரும். கை இருக்கோணும், ஆனா இருக்கறது தெரியக் கூடாது. இதைச் சொல்ற நான், பிச்சி வர்றதுக்கு முன்னாடி குதிரைகிட்டக் கூடப் போனவ இல்லை.

எங்க ஊட்டுக்காரரு போர் வண்டி டிரைவருங்க. ஆழ்துளைக் கெணறு போடற லாரி. திருச்செங்கோட்டுல ஏறுனா, மாசக்கணக்குல ஆளு வராது. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான்னு சுத்துவாரு. பொங்கலுக்கும் ஊர்ப் பண்டிகைக்கும் வந்தா, ஒறம்பரை மாதிரி வந்து உக்காந்திருப்பாரு. நான் காடு, மாடு, புள்ளைன்னு பாத்துக்கிட்டேன். கடைசியில அந்த லாரி அவரு இடுப்பைத் தின்னு போட்டுது. ஜவ்வு தேஞ்சு போச்சு, இனி லாரியும் கூடாது, மோட்டார் பைக்கும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அப்பத்தான் இந்தக் கிறுக்கு புடிச்சுது. ராஜஸ்தான்ல ஒரு பெரிய மனுசன் சந்தைக்குக் குதிரையில போறதை இவரு பாத்திருக்கறாரு. போன்ல பேசிக்கிட்டே போனாராமா, தலப்பா கூட அசையலையாமா. லாரியில குலுங்கிக்கிட்டே அதைப் பாத்தவருக்கு அன்னைக்கிருந்தே மனசுல விழுந்துருச்சு. வாங்கிட்டு வந்தவரு, சொன்ன மாதிரியே ஓட்டுனாரு. இடுப்பும் நோகலை. ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. நான் மட்டும் அந்தப் பக்கம் திரும்பலை. தட்டு போடறதும் சாணி அள்றதும் நானு, சவாரி போறது அவரு.

அப்பறம் அவருக்குக் கண்ணுல பொரை வளந்து ஆபரேசன் பண்ணுனாங்க. தூசி படக் கூடாது, குனியக் கூடாது, குதிரை ஏறவே கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டு உக்கார வெச்சுட்டாங்க. ஆனா குதிரைக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்குது? அதைக் கட்டியே போட்டா காலு வீங்கிக்கும், வயிறு கெட்டுக்கும். தெனமும் நடக்க வெக்கோணும். யாரு நடக்க வெக்கறது? நாந்தான். காலையில பால் சொசைட்டிக்குப் போறப்ப, கேனை அது மேல கட்டிக்கிட்டு, கயித்தைப் புடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவேன்.

ஒரு நா பாதி வழியில முட்டி புடிச்சுக்கிச்சு. வாய்க்கால் ஓரத்துல மாட்டுத் தண்ணித் தொட்டி ஒண்ணு இருக்குது, அது மேல ஏறி உக்காந்தேன். பிச்சி வந்து தொட்டியை ஒட்டி நின்னுச்சு. நான் நகரச் சொல்றேன், நகரலை. பால் வேற நேரமாகுது. என்ன பண்றது? புடவையை இழுத்துச் சொருகிட்டு ஏறி உக்காந்துட்டேன்.

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுங்க அம்மணி. மொபட்டும் தெரியாது. எங்க போகோணும்னாலும் பஸ்ஸுக்கு நிக்கோணும், இல்லீன்னா யாரு வண்டி பின்னாடியாவது ஒருக்களிச்சு உக்காரோணும். அவங்க போற எடத்துலதான் எறங்கோணும். அதனால பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கடிவாளமெல்லாம் எனக்குப் புடிக்கத் தெரியாதுங்களா, அதனால சும்மா கழுத்து முடியைத் தொட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். அது நடந்துச்சு. அப்பறம் கொஞ்சம் வெரசலா நடந்துச்சு. அப்பறம் அது பாட்டுக்கு அந்த நடையை எடுத்துச்சு பாருங்க.

பால் ஊத்திட்டு நேரா ஊட்டுக்கு வரலை. வாய்க்கால் கரை மேல கொஞ்ச தூரம் போனேன். எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. ஒரு வேலையும் இல்லை. சும்மா போனேன்.

திரும்பி வந்தா எங்க ஊட்டுக்காரரு வாசல்ல நிக்கறாரு. பால் கேன் தொங்குது, நான் மேல உக்காந்திருக்கறேன். மனுசன் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. வெயில்ல கழட்டக் கூடாதுன்னு டாக்டர் அத்தனை தடவை சொல்லியும் கேக்கறதில்லை. எறங்குனதும் நல்லாத் திட்டுனேன்.

அவரு கண்ணு சரியாயிப் போச்சு. சரி, இனி உங்க குதிரையை நீங்களே ஓட்டிக்கங்கன்னேன். மறுநாள் பாக்கறேன், சேணத்துல காலு வெக்கற வாரை என்ற காலு அளவுக்கு ஏத்திக் கட்டி வெச்சிருக்கறாரு. "ஏம்புள்ள, நீயே ஓட்டு. எனக்கு இடுப்பு இப்ப பரவால்ல, நடந்தே போயிக்கறேன்" அப்படீங்கறாரு. எப்படி இருக்குது பாருங்க. ஆசைப்பட்டு வாங்குனது அவரு, கடைசியில என்ற தலையில கட்டிட்டாரு. ஆம்பளைங்க சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவே இல்லைங்க. அன்னைக்கிருந்து பொண்ணோட சுடிதார் பேண்ட்டைப் புடவைக்குள்ள போட்டுக்கிட்டு நாந்தான் போறேன். சொசைட்டிக்கு, தவிட்டுக் கடைக்கு, ரைஸ் மில்லுக்கு.

காசு பணத்தை விடுங்க, இந்தக் குதிரையால எனக்கு வந்த வெசனம் அதில்லை. என்ற பொண்ணு கல்யாணமே நின்னு போகப் பாத்துச்சு. அதைச் சொல்றேன் கேளுங்க.

என்ற பொண்ணு பேரு சிந்துஜா. ஈரோட்டுல பேங்க்ல வேலை. பவானியிலிருந்து ஒரு சாதகம் வந்துச்சு. பையன் யுகேந்திரன், கட்டட இஞ்சினியரு. ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டாங்க, புடிச்சுப் போச்சு. பொண்ணு பாக்க வர்றதா சொன்னாங்க. பத்து மணிக்குமேல வர்றதா சொன்னவங்க, ராகு காலம் வருதுன்னு சொல்லாமக் கொள்ளாம முன்னாடியே கெளம்பிட்டாங்க. எனக்குத் தெரியாதுங்க. கேசரிக்கு ரவை பத்தலைன்னு கடைக்குப் பிச்சி மேல போயிட்டுத் திரும்பி வந்துட்டு இருந்தேன்.

நம்ம ஊட்டுக்கு வர்ற இட்டேறியைப் பாத்தீங்கல்ல, ரெண்டு பக்கமும் வேலி, நடுவுல ஒரு வண்டி போற தடம். பின்னாடி ஒரு காரு ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. ஒதுங்கறதுக்கு எடம் எங்க இருக்குது? நான் பாட்டுக்குப் போறேன். மறுபடி அடிக்கறாங்க. பிச்சி மெரண்டா என்ன ஆகறது? நிறுத்தித் திரும்பி, "ஏனுங்க, இட்டேறியில அப்படி என்ன அவசரம்? யாரு ஊட்டுலயாச்சும் எழவா?" அப்படீன்னு கேட்டுப் போட்டேன். ஹாரன் நின்னு போச்சு. அப்பறம் ஊடு வரைக்கும் என்ற பின்னாடியே ஊர்ந்து வந்தாங்க. பாவம், நல்ல ஆளுகதான், வேற பக்கம் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டே வாசல்ல வந்து எறங்கறேன். காரும் அங்கயே நிக்குது. பட்டு வேட்டி எறங்குது, பழத்தட்டு எறங்குது.

எனக்குப் பூமி பொளந்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு. நல்ல நாள் பாத்து வந்தவங்களை எழவான்னு கேட்டிருக்கறேன். சிந்துஜா சன்னலுக்குப் பின்னாடி நின்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. எங்க ஊட்டுக்காரரு ஒண்ணுமே நடக்காத மாதிரி, "வாங்க வாங்க, தடம் கண்டுபுடிக்கச் சிரமமா இருந்துச்சுங்களா?" அப்படீங்கறாரு.

பையனோட அப்பா நாச்சிமுத்து, நூல் கடை வெச்சிருக்கறவரு. மொகம் கொடுத்தே பேசலை. பையனோட மாமன் ஒருத்தரு, கேசரியைத் தின்னுக்கிட்டே குதிரையைப் பத்தி ஒவ்வொண்ணாக் கேக்கறாரு. மைலேஜ் எவ்வளவு குடுக்கும்னாரு. ரோட்டுல ஓட்ட லைசென்ஸ் வேணுமான்னாரு. பையனோட அம்மா தனபாக்கியம், அவங்க மட்டும் பேசவே இல்லை. கல்லு மாதிரி நிமிந்து உக்காந்திருந்தாங்க. போறப்ப என்ற கிட்ட வந்து, "குலுங்காதுங்களா?" அப்படீன்னு மெதுவாக் கேட்டாங்க. இல்லீங்கன்னேன். "ம்" அப்படீன்னுட்டு காருல ஏறிக்கிட்டாங்க. குத்திக் காட்டறாங்கன்னு எனக்குப் புரிஞ்சு போச்சு.

மறுநாளே தரகர் வந்துட்டாரு. பொண்ணை எல்லாருக்கும் புடிச்சிருக்குதாமா. ஆனா பொண்ணோட அம்மா குதிரை மேல போறதைப் பாத்தா நாலு சனம் என்ன சொல்லும்னு நாச்சிமுத்து கேக்கறாராமா. உப்புச்சக்கரை மாத்தி நிச்சயம் பண்றதுக்குள்ள குதிரையைக் குடுத்துரோணுமாமா.

சிந்துஜாவுக்கு வந்துச்சே கோவம். "குதிரையைப் புடிக்காத ஊடு எனக்கும் வேண்டாம்"னு அந்தப் பையனுக்கு நேராப் போனைப் போட்டுட்டா. அவன் பாவம், எனக்கொண்ணும் இல்லை, அப்பாகிட்ட நான் பேசறேங்கறான். பேசுனானோ என்னமோ, ஒண்ணும் நடக்கலை. இவ ராத்திரிச் சோறு திங்காமப் படுத்துக்கிட்டா. நாந்தான் முடிவு பண்ணுனேன். புள்ளை வாழ்க்கையை விடக் குதிரை பெருசுங்களா? ஆடி மாசம் கோயில் பண்டிகையை ஒட்டி அந்தியூர்ல குதிரைச் சந்தை கூடுது, கொண்டு போயி வித்துரலாம்னேன். எங்க ஊட்டுக்காரரு, "உன்ற குதிரை, உன்ற இஷ்டம்"னாரு. என்ற குதிரையா? வாங்குனது யாருன்னு கேட்டேன். துண்டை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு. எதுலயுமே பொறுப்பா ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

சந்தைக்குப் போறன்னைக்குக் காலையில பிச்சியைத் தேச்சுக் குளிப்பாட்டி, வாலைச் சீவி விட்டு, கொள்ளு வெச்சேன். கண்ணுல தவிட்டுத் தூசி விழுந்து தண்ணியா வந்துச்சு. எனக்குத்தானுங்க.

மினி லாரியில ஏத்திக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் போனோம். சந்தையில கூட்டம்னா அப்படிக் கூட்டம். பெங்களூருப் பக்கத்து ஏவாரி ஒருத்தரு, பிச்சியைப் பாத்ததும் நின்னுட்டாரு. பல்லைப் பாத்தாரு, காலைத் தடவுனாரு. கூட பூட்ஸ் போட்ட சவாரிக்காரன் ஒருத்தன். ஏறி உக்காந்தான். உக்காந்த உடனே கடிவாளத்தை ஒரு இழு இழுத்தான் பாருங்க, எனக்கு என்ற வாயைக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு. பிச்சி தலையைத் தூக்கிக்கிட்டுக் குதிக்குது. அவன் மேல தயிர்ச் சட்டி மாதிரிக் குலுங்கறான். இன்னும் இறுக்கறான். அது இன்னும் குதிக்குது. சுத்தி நின்னவங்க சிரிக்கறாங்க.

ஏவாரி சொன்னாரு, "அண்ணா, இது ரேவால் இல்லீங்க. காதை மட்டும் பாத்து வாங்கிட்டீங்க. உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்கறாங்க."

எங்க ஊட்டுக்காரரு, "ஓட்டறவங்க ஓட்டுனா வருமுங்க" அப்படீன்னாரு.

"அப்ப ஓட்டிக் காட்டுங்க."

அவரு நகரலை. என்னையப் பாத்தாரு.

கட்டுன மனுசனை நாலு பேருக்கு முன்னாடி பொய்க்காரன்னு சொன்னா எப்படிங்க பாத்துக்கிட்டு நிக்கறது? அவரு மானத்துக்காகத்தான் ஏறுனேன். வேற ஒண்ணும் இல்லை. பூட்ஸுக்காரனை எறங்கச் சொல்லி, கடிவாளத்தைத் தளத்தி, கழுத்துல ரெண்டு தட்டுத் தட்டி, அதுக்கு மூச்சு அடங்கற வரைக்கும் சும்மா உக்காந்திருந்தேன். அப்பறம் போலாமான்னேன். போச்சு. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சுது. அந்தக் கோடி வரைக்கும் போயித் திரும்பி வர்றேன். குளம்புச் சத்தம் மட்டும் தாளம் தப்பாமக் கேக்குது.

ஏவாரிக்கு மூஞ்சி மாறிப் போச்சு. இப்பவே குடுத்துருங்கன்னு நிக்கறாரு. நானும் குடுக்கறதுக்குத்தானே வந்தேன். சில விசயம் மட்டும் கேட்டுக்கிட்டேன். கொட்டாயில காத்தாடி இருக்குதுங்களான்னு கேட்டேன். கொள்ளை எத்தனை நேரம் ஊற வெப்பீங்கன்னு கேட்டேன். இடி இடிச்சா பக்கத்துல ஆளு நிக்கோணும், யாரு நிப்பீங்கன்னு கேட்டேன். தெனமும் யாரு ஓட்டுவாங்கன்னு கேட்டேன். பூட்ஸுக்காரனைக் காட்டுனாரு. இவன்னா வேண்டாம், வேற ஆளு வெச்சுக்கிட்டு வாங்கன்னு சொன்னேன். அதுக்குப் போயி அந்த மனுசனுக்கு அத்தனை கோவம். குதிரை விக்க வந்தீங்களா, பொண்ணுக் குடுக்க வந்தீங்களான்னு கேட்டுட்டு விருவிருன்னு போயிட்டாரு. நான் என்னங்க தப்பாச் சொன்னேன்? ஏவாரம்னா கேக்க மாட்டாங்களா? எங்க ஊட்டுக்காரரு அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. தோளு ரெண்டும் குலுங்குது. ஏவாரம் போச்சேன்னு அழறாருன்னு எனக்கே பாவமாப் போச்சு.

அப்ப பின்னாடி ஒரு குரலு. "நான் ஒருக்கா உக்காரலாமுங்களா?"

திரும்பிப் பாத்தா தனபாக்கியம். கோயிலுக்கு வந்திருக்கறாங்க. பட்டுப் புடவை, கையில அர்ச்சனைத் தட்டு. பக்கத்துல நாச்சிமுத்து. நான் கூட்டத்துக்கு நடுவுல குதிரை ஓட்டுனதை ரெண்டு பேருமே மொத்தமாப் பாத்துட்டாங்க. சரி, கல்யாணம் அவ்வளவுதான்னு நெனச்சேன்.

நாச்சிமுத்து, "தனம், கோயிலுக்கு வந்த எடத்துல என்ன இது? வா போலாம்" அப்படீன்னாரு. அந்தம்மா அவரு கையில அர்ச்சனைத் தட்டைக் குடுத்து, "இதைப் புடிங்க" அப்படீன்னாங்க. அவ்வளவுதான். கைப்பையையும் அவரு தோளுல மாட்டி விட்டாங்க.

லாரிக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போயி, நான் மாத்துக்குக் கொண்டு போயிருந்த பேண்ட்டைக் குடுத்தேன். இடுப்புல அகலமா பெல்ட் போட்டிருக்கறாங்க, முதுகெலும்புக்கு. அன்னைக்கு ஊட்டுல கல்லு மாதிரி உக்காந்திருந்தது அதனாலதான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. லாரிப் பலகை மேல நிக்க வெச்சு ஏத்தி விட்டேன். கயித்தை இழுக்காதீங்க, கீழ பாக்காதீங்க, தூரமாப் பாருங்கன்னு சொல்லி, மொத கொஞ்ச தூரம் நானே புடிச்சு நடத்துனேன். பிச்சிக்கு அந்த நடை வந்துச்சு. என்னால கூட ஓட முடியலை. "விட்டுருங்க" அப்படீன்னாங்க. விட்டுட்டேன்.

போயிட்டு வந்தவங்க எறங்கலை. மேலயே உக்காந்து முந்தானையில கண்ணைத் தொடைச்சாங்க. அப்பறம் என்ற கிட்ட மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க: "என்னைய எதுவுமே இப்படிக் குலுக்காமக் கூட்டிட்டுப் போனதில்லீங்க."

முதுகு நோவைத்தான் சொல்றாங்கன்னு நெனச்சு, ஏனுங்க, உங்க காரு நல்ல காராச்சே, அது என்ன அவ்வளவா குலுக்கும்னு கேட்டேன். சிரிச்சாங்க.

நாச்சிமுத்து அர்ச்சனைத் தட்டோட, "எறங்கு தனம், எல்லாரும் பாக்கறாங்க" அப்படீன்னாரு.

அந்தம்மா மேலிருந்தே கேட்டாங்க, "குதிரையை விக்கோணும்னு சொன்னது யாருங்க?"

"நாம பேசித்தானே..."

"நீங்க பேசுனீங்க. நான் காப்பி குடிச்சுட்டு இருந்தேன்."

அவரு தட்டுல இருந்த தேங்கா பழத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பறம் எங்க ஊட்டுக்காரர்கிட்ட, "இது என்னங்க திங்கும்?" அப்படீன்னாரு. எங்க ஊட்டுக்காரரு சொல்ல ஆரம்பிச்சாரு.

ஆவணியில உப்புச்சக்கரை, தையில கல்யாணம் முடிஞ்சுது. சிந்துஜா நல்லா இருக்கறா. அந்தப் பையனும் தங்கமான பையன். குதிரை மேலதான் மாப்பிள்ளை அழைப்புன்னு சம்பந்தியம்மாவே சொல்லி நடத்திட்டாங்க.

கதை அதோட முடிஞ்சிருந்தா நான் ஏன் பொலம்பறேன்? இப்ப அந்தம்மா ஞாயித்துக்கெழமை ஆனா வந்துர்றாங்க. காரு இருக்குது, டிரைவர் இருக்கறாரு. வேண்டாம்னுட்டு பஸ்ஸுல வர்றாங்க, தனியா. வந்த உடனே வெல்லம் குடுப்பாங்க பிச்சிக்கு. பல்லு கெட்டுப் போகும்னு சொன்னாக் கேக்கறதில்லை. அது இப்ப என்னடான்னா, ஞாயித்துக்கெழமை காலையிலிருந்தே தடத்தைப் பாத்துக் காதை வெச்சுக்கிட்டு நிக்குது. ஏறுனா எறங்கறதில்லை. வாய்க்கால் கரையில எங்கயோ போயிட்டு, வெயில் ஏறுனப்பறம் வர்றாங்க. எங்க போனீங்கன்னா, "சும்மாத்தான்"கறாங்க. ஒரு வயசுக்கு மேல பொம்பளைக்கு ஒரு அடக்கம் வேண்டாமுங்களா? நாலு சனம் பாத்தா என்ன சொல்லும்? நானாச்சும் ரவை வாங்க, பால் ஊத்தன்னு ஒரு வேலையா போறேன்.

இதுல இன்னொரு சங்கதி. பிச்சி இப்ப சினையா இருக்குது. இன்னும் கொஞ்ச நாளைக்கு லேசா ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு, அதுக்கப்பறம் யாரையும் ஏத்தக் கூடாது. குட்டிக்கும் அந்த நடை வருமுங்களான்னு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அந்தம்மா கேட்டுட்டாங்க. அப்பனும் ரேவால்தான், அதனால வரும்னு நான் சொன்னேன். உடனே "குட்டி எனக்கு"ங்கறாங்க. நான் முடியாதுன்னுட்டேன். எங்க ஊட்டுக்காரரு நடுவுல பூந்து, "பொறக்கட்டும், அப்பறம் பாக்கலாம்"கறாரு. அவருக்கென்ன, ரெண்டு பக்கமும் நல்ல புள்ளை.

சரி, நீங்க வாங்கலாமான்னு கேட்டீங்க. புதுசாப் பழகறவங்களுக்கு ரேவால் நல்லதுதான், வுழுந்து எந்திரிக்கறது கம்மி. ஆனா சேணம் அது முதுகுக்குச் சரியா உக்காரோணும், லாடம் நேரத்துக்கு மாத்தோணும், தார் ரோட்டுல வெரட்டக் கூடாது. பக்கத்துலயே இருக்கோணும். அவ்வளவுதான். இதையெல்லாம் நான் வாயில சொல்லி உங்களுக்கு என்ன ஆகப் போகுது? எந்திரிங்க. உக்காந்து பாருங்க.

பேண்ட்டுதானே போட்டிருக்கறீங்க, சௌகரியம். இந்தக் கல்லு மேல ஏறுங்க. இடது காலை வாருல வெச்சு, ம், அப்படித்தான். கயித்தைத் தளத்துங்க. இன்னும் தளத்துங்க. மூச்சை ஏன் புடிச்சுக்கிட்டீங்க, விடுங்க. அது காதைப் பாக்காதீங்க, அங்க அந்தத் தென்னை மரத்தைப் பாருங்க. போலாம்னு சொல்லுங்க, அதுக்குப் புரியும்.

பாத்தீங்களா. நான் சொன்னேனல்ல. காத்தை வெச்சுத்தான் தெரியும்னு.

திரும்பி வாங்க, மெதுவா. ஏன் நிக்குது? ஓ, அங்க பாருங்க தடத்துல. கொடையைப் புடிச்சுக்கிட்டு வர்றாங்களே, அவங்கதான் எங்க சம்பந்தியம்மா. பஸ்ஸு இன்னைக்கு நேரத்துலயே வந்துருச்சாட்ட இருக்குது. கையில வெல்லப் பொட்டணம் வேற.

எறங்காதீங்க அம்மணி. இன்னொரு ரவுண்டு போயிட்டு வாங்க. அவங்க சித்தே காத்துக்கிட்டு இருக்கட்டும், ஒண்ணும் கொறைஞ்சு போகாது. நான் அதுக்குள்ள உள்ள போயி அவங்களுக்குக் காப்பி வெக்கறேன். இஞ்சி தட்டிப் போட்டு, சக்கரை கம்மியா. அப்படி இருந்தாத்தான் அவங்க குடிப்பாங்க, இல்லீன்னா வெறும் வயித்தோட போயி ஏறி உக்காந்துக்குவாங்க.